கருப்போடையும் வெள்ளோடையும்

எனக்கு மூன்று பாஷை தெரியும். அம்மா கிழக்கே ட்வீட் ஆற்றுப் பக்கத்துக்காரி. அவளிடமிருந்து இங்கிலீஷ் வந்தது. அப்பா மலைக்காரர், அவர் கொடுத்தது கேலிக். பிரெஞ்சு மட்டும் பதினெட்டு வயதில் ஒரு பிரபுவின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தபோது, திட்டும் உதையுமாக வந்து சேர்ந்தது. டேவிட் மன்னர் ஆண்ட அந்த வருஷங்களில் மூன்றும் தெரிந்தவனுக்குப் பிழைப்புக்குக் குறைவில்லை.

மன்னர் தெற்கே இங்கிலாந்து அரண்மனையில் வளர்ந்தவர். ஸ்காட்லாந்துக்கு ராஜாவாகத் திரும்பி வந்தபோது அங்கே பழகிய நண்பர்களையும், அங்கே பார்த்த நடைமுறைகளையும் கூடவே கொண்டுவந்தார். அதுவரை எங்கள் பக்கத்தில் ஒரு நிலம் யாருடையது என்றால், ஊரில் பத்துப் பேர் சொன்னால் முடிந்தது. இப்போது ஆட்டுத்தோலில் எழுதி, மெழுகில் முத்திரை குத்தி, சாசனம் என்று கையில் கொடுத்தார்கள். பள்ளத்தாக்கு ஒரு வீரனுக்கு, கோயில் ஒரு மடத்துக்கு. வாங்கியவருக்கு அங்கே இருப்பவர்களின் பேச்சு புரியாது. இருப்பவர்களுக்கு வந்தவரின் பேச்சு புரியாது. நடுவில் நான், டூங்கல்.

அர்வன் பள்ளத்தாக்கு லாம்பின் துரைக்குக் கிடைத்தபோது அவர் என்னைக் கூட அழைத்துக்கொண்டார். கடல் தாண்டி ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்தவர். நாற்பது வயது, பருத்த கழுத்து. காலையில் எழுந்ததும் தன் குதிரையின் குளம்பைத் தானே தூக்கிப் பார்க்கிற மனிதர். மன்னர் படை கிளம்பினால் கவசம் பூட்டிய குதிரைவீரன் ஒருவனை அனுப்ப வேண்டும். அதற்கு ஈடாகப் பள்ளத்தாக்கு அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். பழைய தலைவர் ஃபெர்கர் பிள்ளையில்லாமல் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்ததால் யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. துரை எனக்கு ஒரு சாம்பல் நிறக் குதிரையும், மழை இறங்காத ஒரு கம்பளி மேலாடையும் கொடுத்தார். அதுவரை என்னை யாரும் அப்படி நடத்தியதில்லை.

சாசனத்தில் எல்லையை எழுத வேண்டும். அதற்கு எல்லை தெரிந்த ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். ஊர்க்காரர்கள் பின்னால் நடந்து சாட்சி ஆக வேண்டும். யாருக்குத் தெரியும் என்று விசாரித்தேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

"பெத்தோக்கக் கேளு."

பெத்தோக், கோயில் பூசை வைக்கும் கில்கிறிஸ்ட் சாமியின் மனைவி. எங்கள் பக்கத்துச் சாமிமார் பலருக்கும் அப்போது குடும்பம் இருந்தது. அர்வன் கோயில் தலைமுறை தலைமுறையாகப் பெத்தோக்கின் வீட்டாரிடம் இருந்தது. அவள் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அவளைக் கட்டிக்கொண்டதால்தான் கில்கிறிஸ்டுக்குப் பீடம் வந்தது. அவர் மெதுவாகப் பேசுகிற, எங்கே கிளம்பினாலும் வழியைத் தொலைத்துவிடுகிற மனிதர். பெத்தோக் அப்படியில்லை. இருபது கோடைகாலம் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய் அங்கேயே தங்கிப் பால் கறந்தவள். ஒவ்வொரு பாறையும் அவள் முட்டி இடித்துக்கொண்ட பாறை.

துரையின் எழுத்தர் ஒடார்டையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"பொம்பளை சாட்சியெல்லாம் நான் எழுத முடியாது," என்றார் ஒடார்ட், உட்காரும் முன்பே.

அதை அப்படியே பெத்தோக்கிடம் சொன்னேன்.

"எழுத வேணாமே. அவரு பேரப் போட்டுக்கச் சொல்லு," என்று கணவரைக் காட்டினாள். "ஆனா அவரு முன்னால நடந்தாருன்னா சாயங்காலம் எல்லாரும் கடல்ல போயி நிப்பீங்க."

கில்கிறிஸ்ட் சாமி ஓட்ஸ் ரொட்டியை மென்றபடி தலையாட்டினார். "நெசந்தான். போன மாசம் ஒரு சாவுக்குப் போனேன். சவத்தப் பொதச்சப்புறந்தான் போய்ச் சேர்ந்தேன்."

அக்டோபர் மாதம் நடந்தோம். முதல் இரண்டு மணி நேரம் தூறல், அப்புறம் கொட்டியது. பெத்தோக் முன்னால், பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு. பின்னால் பன்னிரண்டு ஊர்க்காரர்கள், துரை, நான், மாட்டுத்தோலுக்கு அடியில் எழுதுபலகையை மறைத்துப் பிடித்துக்கொண்டு ஒடார்ட். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நின்று, உரக்கப் பெயரைச் சொல்வாள். நான் பிரெஞ்சில் சொல்வேன். ஒடார்ட் லத்தீனில் எழுதுவார்.

"இந்தப் பேருங்கள எப்படிய்யா எழுதறது? தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி இருக்கு," என்று ஒவ்வொரு பெயருக்கும் அலுத்துக்கொண்டார்.

கடைசியாகக் கிழக்குப் பக்கம் வந்தோம். மலையில் ஒரு சதுப்பிலிருந்து இரண்டு ஓடைகள் பிரிந்து, விரிந்துகொண்டே ஆற்றுக்கு இறங்குகின்றன. மேற்கே கருப்போடை, கிழக்கே வெள்ளோடை. பெத்தோக் கருப்போடைக் கரையில் நின்று கையைத் தூக்கினாள்.

"ஃபெர்கர் நெலம் இதோட சரி. கருப்போடை வரைக்கும்."

"என்னவாம்?" என்றார் ஒடார்ட். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிழக்கே கருப்போடை வரைக்கும்."

"என்னது? இன்னொரு பேரா? ஓடைதானே? ஓடைன்னு சொல்லு, போதும். மை கரையுது."

எனக்கும் முதுகுவரை நனைந்திருந்தது. "ஓடை வரைக்கும்," என்றேன். அவர் எழுதினார். எல்லோரும் இறங்கி வந்தோம். பெத்தோக் வீட்டில் சூடான பார்லி பீர் கொடுத்தாள்.

அவள் வீடு இரண்டு ஓடைகளுக்கும் நடுவில் இருந்த நிலத்தில்தான் நின்றது. ஒரு ஏர் ஆறு நாளில் உழுது முடிக்கிற அளவு நிலம், கீழே ஆற்றோரம் கொஞ்சம் புல்வெளி. அது ஃபெர்கரின் நிலமும் இல்லை, கோயில் நிலமும் இல்லை. ஃபெர்கரின் பாட்டனாரைத் தன் பால் கொடுத்து வளர்த்தவள் பெத்தோக்கின் கொள்ளுப்பாட்டி. அதற்காக அந்த வீட்டார் கொடுத்த நிலம் அது. பால்நிலம் என்று பெயர். தாய் வழியாகவே இறங்கி வந்தது. பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் பெத்தோக் அதைத் தனியாகச் சொல்லவில்லை. அவளிடம் கேட்டது துரையின் எல்லை. அவள் காட்டியது துரையின் எல்லை.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் மடத்துக்காரர்கள் வந்தார்கள். ஒரு நாள் நடை தூரத்தில், ஆறு வளைகிற இடத்தில், மன்னர் உபயத்தில் புதிய மடம் எழும்பிக்கொண்டிருந்தது. அர்வன் கோயிலும் அதன் நிலமும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும் அந்த மடத்துக்கு என்று சாசனம். வந்தவர் செர்லோ சாமி. பிரான்ஸிலிருந்து வந்த இளைத்த மனிதர். குளிரில் சிவந்த காதுகள், எதற்கும் முதலில் மன்னிப்புக் கேட்கிற வாய். எனக்கு வேறு வேலை இல்லாததால் துரை என்னை அவர்களுக்கு ஒரு நாள் இரவல் கொடுத்தார்.

மறுபடி பெத்தோக் முன்னால் நடந்தாள். இந்த முறை மழை இல்லை. தெளிவான நாள், காலடியில் பனி நொறுங்கியது. வெள்ளோடைக் கரையில் நின்று சொன்னாள்: "கோயில் நெலம் இங்கேர்ந்து ஆரம்பம். வெள்ளோடைதான் மேற்கு எல்லை."

மடத்து எழுத்தர் இறகை மையில் தோய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. துரையின் சாசனத்தில் வெறும் ஓடை என்றுதான் இருக்கிறது, இங்கேயும் ஒரு ஓடை. இப்போது நான் வெள்ளோடை என்று சொன்னால் இவர் கேட்பார், அப்படியானால் இரண்டு ஓடைக்கும் நடுவில் இருக்கிற நிலம் யாருடையது என்று. பெத்தோக்கிடம் சாசனம் இல்லை. சாசனம் இல்லாத நிலத்தை மன்னர் ஆட்கள் எழுதிக்கொள்வார்கள், வேறு யாருக்காவது கொடுப்பார்கள். யாரும் கேட்காமல் இருந்தால், இரண்டு தோலுக்கும் நடுவில் அந்த நிலம் சத்தமில்லாமல் கிடக்குமே என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

"மேற்கே ஓடை வரைக்கும்," என்றேன்.

அன்று மத்தியானம் அவள் வீட்டில் செர்லோ சாமி சாப்பிட உட்கார்ந்தார். வேகவைத்த ஆற்று மீனை முள் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கில்கிறிஸ்ட் சாமியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"மன்னிக்கணும். இத நான் சொல்ல வேண்டியிருக்கு. நீங்க எங்க மடத்துல சேர்ந்துக்கலாம். பீடம் உங்க கையிலயே இருக்கும். ஆனா சாமியாருக்கு மனைவி இருக்கக்கூடாது. திருச்சபைச் சட்டம் அது. அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லன்னுதான் சட்டம் சொல்லுது. செப்டம்பர் கடைசிக்குள்ள முடிவு சொல்லுங்க."

நான் மொழிபெயர்த்தேன். பெத்தோக் அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிந்த சதுப்பு மண்கட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"இருபத்தெட்டு வருஷம். ஒரு பொண்ணப் பெத்து, கடற்கரைப் பக்கம் கட்டியும் கொடுத்தாச்சு. அது யாரு கல்யாணமாம்?" என்றாள்.

"அத மொழிபெயர்க்கட்டுமாக்கா?"

"வேணாம். மீனு நல்லாருந்துதான்னு கேளு."

கில்கிறிஸ்ட் சாமி மீன் முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் பிரச்சினை வெடித்தது. ஒரு காலையில் துரையின் உழவன் எட்டு எருது பூட்டிய ஏருடன் பால்நிலத்தில் இறங்கினான். அதே காலையில் மடத்து ஆட்கள் இருவர் நூறு ஆடுகளை அதே நிலத்துக்குள் ஓட்டிவந்தார்கள். உழவன் இங்கிலீஷ்காரன், ஆட்டுக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியவில்லை. திட்டு மட்டும் புரிந்தது. என்னைக் கூப்பிட ஆள் வந்தது. நான் போனபோது ஆடுகள் எருதுகளின் கால்களுக்கு நடுவில் மேய்ந்துகொண்டிருந்தன.

"எங்க துரை சாசனத்துல ஓடை வரைக்கும்னு இருக்கு! அதோ அந்த ஓடை!" உழவன் கிழக்கே கையைக் காட்டினான்.

"எங்க சாசனத்துலயும் ஓடை வரைக்கும்னுதான் இருக்கு. இதோ இந்த ஓடை!" ஆட்டுக்காரன் மேற்கே காட்டினான்.

பெத்தோக் கையில் வைக்கோல் வாருகிற கவையோடு வாசலில் நின்றாள். இருவரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"டூங்கலு. இங்க வா."

போனேன்.

"கருப்போடைன்னு நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கக்கா."

"வெள்ளோடைன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அப்ப தோல்ல என்ன எழுதியிருக்கு?"

நான் சொன்னேன். ஒடார்டின் மையைப் பற்றி, மழையைப் பற்றி, அப்புறம் இரண்டாவது நாள் என் மனதில் ஓடியதைப் பற்றி. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கவையை மண்ணில் குத்தினாள்.

"நல்லது பண்ணணும்னு நெனச்சியா? உன்கிட்ட யாருடா கேட்டது? நான் ஒளிச்சு வெச்ச நெலமா அது? பன்னெண்டு பேரு காது கேக்கச் சத்தமா சொன்னேன். இப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல நான் திருடி மாதிரி நிக்கறேன்."

"அக்கா..."

"போ. போயி அந்த ஆட்ட எருதுக்குக் கீழேர்ந்து எடு. மிதிபட்டுச் சாகப்போகுது."

லாம்பின் துரையும் மடமும் சண்டை போடவில்லை. இருவருக்கும் நிலம் கொடுத்தவர் ஒரே மன்னர். வழக்கு ஷெரீப்பிடம் போனது. மன்னர் பெயரில் வட்டாரத்துக்கு நீதி சொல்ல வந்த புது அதிகாரி அவர். கோடை நடுவில் அர்வனுக்கே வந்து, ஃபெர்கர் காலத்தில் பஞ்சாயத்து நடந்த ஆற்றோர மேட்டில் உட்காருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அதற்கு முந்தின வாரம் துரையும் நானும் குதிரையில் போய்க்கொண்டிருந்தோம்.

"உன்னையும் கூப்பிடுவாங்க. பயப்படாத. நடந்தத நடந்தபடி சொன்னாப் போதும். அந்தம்மா ஓடைன்னு சொன்னாங்க, நீ ஓடைன்னு சொன்ன, ஒடார்ட் எழுதினான். அவ்வளவுதானே?" என்றார்.

"ஆமா துரை," என்றேன்.

அவர் என்னை மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நம்பினார். ஓடை என்றுதான் சொன்னாள் என்று சொல்லிவிட்டால் துரை ஜெயித்துவிடக்கூடும். குதிரையும் மேலாடையும் என்னிடமே இருக்கும். உண்மையைச் சொன்னால் வார்த்தையை விழுங்கிய நாக்கு என்று பெயர் வரும். அப்படிப் பெயர் எடுத்தவனை வேலைக்கு வைக்க எந்தப் பிரபுவுக்கும் பைத்தியமில்லை. மூன்று பாஷையிலும் பட்டினி கிடக்கலாம்.

வழக்கு நாள் வெயிலும் மேகமுமாக இருந்தது. மேட்டில் ஷெரீப் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடிக்காரர், இங்கிலீஷும் பிரெஞ்சும் தெரிந்தவர், கேலிக் தெரியாதவர். ஒரு பக்கம் துரையும் ஒடார்டும். இன்னொரு பக்கம் செர்லோ சாமியும் மடத்து எழுத்தரும். கீழே புல்லில் பள்ளத்தாக்கு முழுவதும் உட்கார்ந்திருந்தது. இரண்டு சாசனங்களும் வாசிக்கப்பட்டன. இரண்டிலும் ஓடை.

"இந்த அம்மாகிட்ட சாசனம் இருக்கா?" என்றார் ஷெரீப்.

"இல்லன்னு சொல்லு," என்றாள் பெத்தோக். "எங்க கொள்ளுப்பாட்டி புள்ளைக்குப் பால் கொடுக்கறப்ப மை கேக்கல."

கூட்டம் சிரித்தது. நான் மொழிபெயர்த்தேன். ஷெரீப் சிரிக்கவில்லை, ஆனால் தாடியைத் தடவினார்.

"அன்னைக்கு ரெண்டு எல்லையிலயும் இந்தம்மா என்ன பேரு சொன்னாங்கன்னு தெரியணும். மொழிபெயர்ப்பாளன் சத்தியம் பண்ணட்டும்."

செர்லோ சாமி வேதப் புத்தகத்தை நீட்டினார். ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களுக்குப் புத்தகம் போதவில்லை. கில்கிறிஸ்ட் சாமி தன் அங்கிக்குள்ளிருந்து எங்கள் புனிதரின் கைமணியை எடுத்தார். வெண்கலம் பூசிய பழைய இரும்பு மணி. அதைத் தொட்டுப் பொய் சொன்னவன் வாய் கோணிப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் அப்போது வாயைப் பற்றி நினைக்கவில்லை. பெத்தோக்கைப் பார்த்தேன். அவள் முகத்தில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. நான் எந்தப் பக்கம் விழுவேன் என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணியைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"துரையோட எல்லையில கருப்போடைன்னு சொன்னாங்க. மடத்தோட எல்லையில வெள்ளோடைன்னு சொன்னாங்க. ரெண்டு ஓடையோட பேரையும் சொல்லாம விட்டது நான்."

பிரெஞ்சில் சொல்லிவிட்டு, கீழே இருப்பவர்களுக்காகக் கேலிக்கிலும் சொன்னேன். உழவனுக்காக இங்கிலீஷிலும் சொன்னேன். மூன்று முறை சொன்னதில் மூன்றாவது முறை கொஞ்சம் சுலபமாக வந்தது.

"ஏன் விட்ட?" என்றார் ஷெரீப்.

"முதல் தடவ நனைஞ்சிருந்தேன். ரெண்டாவது தடவ நல்லது பண்றதா நெனச்சேன்."

"முதல் காரணமே பரவால்ல," என்றார் அவர். அதை நான் கேலிக்கில் சொன்னதும் கூட்டம் மறுபடி சிரித்தது. லாம்பின் துரை சிரிக்கவில்லை. அவர் கழுத்து சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக மணியைத் தொட்டு, பால்நிலம் பெத்தோக் வீட்டுப் பெண்களுடையது என்று சொன்னார்கள். ஷெரீப் யோசித்தார்.

"நிலம் இந்தம்மாவோடதுதான். ஆனா ஒண்ணு. யாருக்கும் கீழ இல்லாத நிலம்னு மன்னர் நாட்டுல இனிமே இருக்க முடியாது. மன்னருக்குக் கீழ பிரபு, பிரபுவுக்குக் கீழ இன்னொருத்தர். இந்தம்மா துரைகிட்டேர்ந்து வாங்கினதா வெச்சுக்கணும், இல்ல மடத்துகிட்டேர்ந்து. யாருன்னு அவங்களே சொல்லட்டும்."

நான் சொன்னதும் பெத்தோக் எழுந்து நின்றாள். முதலில் செர்லோ சாமியைப் பார்த்தாள், அப்புறம் துரையை. சந்தையில் பசுவைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தச் சாமியாரு நல்ல மனுஷன். ஆனா கொடுத்தா அது அவருகிட்ட கொடுத்ததா ஆகாது, மடத்துகிட்ட கொடுத்ததாத்தான் ஆகும். மடம் சாகாது. சாகாதவன் கையில ஒண்ணு போச்சுன்னா திரும்பி வராது. துரை சாவாரு. இவருக்குக் கோவம் வரும், அப்புறம் தணியும். புள்ள பொறக்கும், அதுகிட்டயும் பேசிப் பாக்கலாம். நான் துரைய எடுத்துக்கறேன்."

நான் தயங்கினேன்.

"எல்லாத்தையும் சொல்லு," என்றாள். "ஒரு வார்த்த விடாத."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், துரை சாவார் என்பதையும் சேர்த்து. முதலில் சிரித்தது செர்லோ சாமிதான். உடனே மன்னிப்புக் கேட்டார். லாம்பின் துரை ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றார். அப்புறம் சிரிப்பில் அவர் தோள்கள் குலுங்கின.

"நான் சாவேங்கறதுக்காக ஒருத்தங்க என்னைத் தேர்ந்தெடுக்கறது இதுதான் முதல் தடவ. வருஷத்துக்கு ஒரு பாலாடைக்கட்டி கொடுத்தாப் போதும். பெரிசா இருக்கணும்," என்றார்.

நிலம் வாங்குகிறவர் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துப் பிரபுவின் கைகளுக்குள் வைக்க வேண்டும். புது வழக்கம் அது.

"புருஷன் வந்து கை வைக்கட்டும்," என்றார் ஷெரீப்.

செர்லோ சாமி தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்கணும். திருச்சபைச் சட்டப்படி இவங்களுக்குப் புருஷன் இல்ல."

அப்புறம் கில்கிறிஸ்ட் சாமி, தன் மெதுவான குரலில் சொன்னார்: "அப்ப அவளே வைக்கட்டும். நெலம் அவளோடதுதானே."

பெத்தோக் முட்டி வலியோடு மண்டியிட்டாள். அவள் கைகள் துரையின் கைகளுக்குள் போயின. பால் கறந்து காய்த்த கைகள். துரையின் கைகளைவிடப் பெரியவை என்று எனக்குத் தோன்றியது. எழுந்ததும் பாவாடையைத் தட்டிவிட்டு, "என்ன இது, குருவி புடிக்கற மாதிரி," என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மறுநாள் காலை துரை குதிரையின் பின்னங்கால் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"அத்தன பேரு முன்னால சொன்னத, போன வாரம் என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்."

"தைரியம் வரல துரை."

"தெரியுது." குளம்பைக் கீழே விட்டார். "மேலாடைய வெச்சுக்க. குதிரைய விட்டுடு."

அந்தச் செப்டம்பர் கடைசியில் கில்கிறிஸ்ட் சாமி கோயில் சாவியைச் செர்லோ சாமியிடம் கொடுத்தார். நான் கூட இருந்தேன். அவர்கள் இருவருக்கும் நடுவே பேச வேறு ஆள் இல்லை.

"இந்தப் பீடத்துக்கு நான் வந்ததே இவளக் கட்டிக்கிட்டதாலதான். இவள விட்டுட்டு எந்த வழியா அங்க போயி நிப்பேன்? எனக்கு வழி தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்," என்றார் கில்கிறிஸ்ட் சாமி.

செர்லோ சாமி சாவியை வாங்கிக்கொண்டார். அப்புறம், எங்கள் பாஷை தனக்கு வரும்வரை சாகக் கிடப்பவர்களிடம் மட்டும் அவரே போய்க் கடைசிப் பிரார்த்தனை சொல்லிவர முடியுமா என்று கேட்டார். கில்கிறிஸ்ட் சாமி சரி என்றார். சாகக் கிடக்காதவர்களும் பாவத்தைச் சொல்ல வெள்ளோடையைத் தாண்டி அவரிடமே போய்க்கொண்டிருந்தார்கள். செர்லோ சாமிக்கு அது தெரியும். அந்தப் பாதை பக்கம் அவர் நடப்பதே இல்லை.

எனக்கு எந்தப் பிரபுவிடமும் வேலை கிடைக்கவில்லை. மன்னர் புதிதாக நிறுவிய சந்தை ஊர் ஒன்றில், கப்பலில் வரும் துணிக்காரர்களுக்கும் ஊர்த் தோல் வியாபாரிகளுக்கும் நடுவே பேசிக் காலம் தள்ளினேன். அங்கே ஒரு வார்த்தை விட்டால் உடனே சட்டையைப் பிடிப்பார்கள். அது நல்ல பயிற்சி.

இரண்டு வருஷம் கழித்து ஜூலையில் அர்வனுக்குப் போனேன். துரை ஆற்றோரத்தில் மரக்கோட்டை எழுப்பியிருந்தார். மலைச்சரிவெல்லாம் மடத்து ஆடுகள். பால்நிலத்தில் புல்லை அறுத்து வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். கில்கிறிஸ்ட் சாமி ஒரு வரிசையைத் தப்பான திசையில் புரட்டிக்கொண்டிருந்தார். பெத்தோக் என்னைக் கண்டு இடுப்பில் கை வைத்தாள்.

வழியெல்லாம் மனதுக்குள் தயார் செய்துவைத்திருந்த மன்னிப்பை எடுத்தேன். "அக்கா, அன்னைக்கு நான்..."

"மேகம் வருது பாரு," என்றாள். "பேச்ச அப்புறம் வெச்சுக்கலாம். அந்தக் கவைய எடு. அவரு புரட்டினதத் திருப்பிப் போடு, சத்தமில்லாம."

மழை வருவதற்குள் முடித்துவிட்டோம். அதற்கப்புறமும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு கிண்ணம் நிறைய மோரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிற சேதியைச் சொல்ல ஆரம்பித்தாள்.